வண்டியை எங்கே நிறுத்துவது

அன்றைக்கு ஊர் நடுவில் இருக்கிற மந்தையில், எங்கள் மருத்துவ வண்டியடியில் இருந்தவர்கள் ஆறு பேர்.

டாக்டரம்மா. சேலத்துப் பக்கம். எங்கள் வண்டிக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

நர்ஸ் ஜெயமேரி. ராஜபாளையம். கை சுத்தம், வாய் கொஞ்சம் காரம்.

மருந்து கொடுக்கிற சார். அவரும் ராஜபாளையம்தான். வீட்டில் தெலுங்கு, வண்டியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும்.

மிலிட்டரிக்காரர். அந்த ஊர் மேலத்தெரு. பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்து வந்தவர். வண்டிக்கு கரண்ட், எங்களுக்கு மோர், வருகிறவர்களுக்கு பெஞ்சு எல்லாம் அவர் வீட்டிலிருந்துதான்.

பேச்சியம்மாள். கீழத்தெரு. தென்னந்தோப்பில் கூலி வேலை. வலது கால் பெருவிரலுக்குக் கீழே புண்.

ஆறாவது நான். டிரைவர்.

மற்றவர்கள் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். மணி பதினொன்றரை. சித்திரை மாதம்.

ஊர் பேர் வேண்டாம். கூமாப்பட்டிக்கும் கான்சாபுரத்துக்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நடமாடும் மருத்துவ வண்டி பதினைந்து நாளுக்கு ஒருமுறை செவ்வாய்க்கிழமை அங்கே போகும். சர்க்கரை, பிரஷர், புண், காய்ச்சல் எல்லாம் பார்ப்போம். நான்கு வருஷமாக அந்த ஊருக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் ராஜபாளையத்தில் மில் பஸ். படிப்பு எட்டாவது. புதிதாக வந்திருக்கிற டிரைவர்களுக்கும் நர்ஸுகளுக்கும் நாலு வார்த்தை எழுதிக்கொடுங்கள் என்று கேட்டார்கள். எனக்கு ஒரு சங்கதிதான் எழுதத் தெரியும். அதை எழுதுகிறேன்.

பேச்சியம்மாளுக்குச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி கிடையாது. முள் குத்தினாலும் தெரியாது, தீ சுட்டாலும் தெரியாது. புண் வந்ததும் ஜெயமேரி சின்ன ஸ்கேலை வைத்து அளந்து எழுதினார். எட்டு மில்லி. ராஜபாளையத்தில் சொல்லி மெத்தை வைத்த செருப்பு ஒரு ஜோடி செய்து கொடுத்தார்கள். வெறுங்காலோடு ஒரு எட்டுகூட வைக்கக்கூடாது என்று டாக்டரம்மா சொன்னார். பேச்சியம்மாள் தலையை ஆட்டினார்.

அடுத்தடுத்து வந்தபோது பத்து. பன்னிரண்டு. பதினான்கு. பதினைந்து. அன்றைக்குப் பதினெட்டு.

ஜெயமேரி பாதத்தைத் தூக்கிப் பார்த்தார். மண் ஒட்டியிருந்தது. புண்ணைச் சுற்றிப் புதிதாகக் கொப்புளம்.

"பேச்சியக்கா, செருப்பை வண்டிகிட்ட வந்து மாட்டிக்கிட்டு எங்களை ஏமாத்துறீங்களா? உங்க கால்தானே, எங்க காலா?"

பேச்சியம்மாள் சேலையை இழுத்துக் காலை மூடினார். டாக்டரம்மா பேனாவை எடுத்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார். புண் எலும்பைத் தொட்டால் விரலோடு நிற்காது என்றும் சொன்னார். "சொன்னபடி கேட்கவில்லை" என்று சீட்டில் எழுதப் போனார்.

இங்கேதான் நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும்.

எனக்கு உண்மை தெரியும். நான்கு தடவை பார்த்தேன். வண்டியை நிறுத்திவிட்டு நான் வெளியேதான் நிற்பேன். பேச்சியம்மாள் தெருக்கோடியிலிருந்து வருவது தெரியும். கையில் மஞ்சப்பை. பைக்குள் செருப்பு. தார் ரோடு கொதிக்கும். வெறுங்காலோடு நடந்து வருவார். வண்டிக்குப் பின்னால் வந்து நின்று, இங்கும் அங்கும் பார்த்துவிட்டு, செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு படி ஏறுவார். போகும்போதும் அப்படித்தான்.

மந்தையில் அம்மன் பீடம் இருக்கிறது. சப்பரம் வருகிற தெரு அது. அந்தத் தெருவில் செருப்புப் போட்டு நடப்பதில்லை. ஊர் வழக்கம். எல்லாருக்கும் அதே வழக்கம்தான். மேலத்தெரு வீடுகள் மந்தையைப் பார்த்து நிற்கின்றன. வாசலில் செருப்பைக் கழற்றினால் வண்டிக்குப் பத்து எட்டு. கீழத்தெருக்காரர்கள் தெரு முழுக்க நடக்க வேண்டும். முந்நூறு எட்டு. எண்ணியிருக்கிறேன். இந்த வழக்கம் யாரை மனதில் வைத்து வந்தது என்று நான் எழுத வேண்டியதில்லை. உங்களுக்கும் தெரியும்.

எங்களுக்கு மட்டும் வழக்கம் கிடையாது. ஆபீஸ் ஆட்கள் என்று விட்டுவிட்டார்கள். டாக்டரம்மா எட்டு மாதமாக அங்கே செருப்போடுதான் நடந்தார். அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்தும் சொல்லவில்லை. நமக்கு ஸ்டீயரிங் வேலை, கால் சமாசாரம் அவர்கள் பாடு என்று இருந்தேன். நான்கு தடவை வாயை மூடிக்கொண்டிருந்தேன். எட்டு மில்லி பதினெட்டு ஆனது. அதில் என் பங்கு பத்து.

டாக்டரம்மா சீட்டில் அதை எழுதும் முன்னால் ஜன்னல் பக்கம் போனேன்.

"மேடம், அது செருப்புப் போடுது. தோப்புக்குப் போட்டுட்டுத்தான் போகுது. இந்தத் தெருவுல மட்டும் போட முடியாது."

"ஏன்?"

நான் மிலிட்டரிக்காரரைப் பார்த்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கோபப்படவில்லை. எல்லாருக்கும் பொதுவான வழக்கம்தான் டாக்டரம்மா, நானும் வெறுங்கால்தான் என்று காலைத் தூக்கிக் காட்டினார்.

டாக்டரம்மா பேனாவை மூடினார். கீழே இறங்கினார். செருப்பைக் கழற்றி வண்டிப் படியில் வைத்தார். என்னை வாங்க என்று கூப்பிட்டார். நானும் கழற்றினேன்.

தெரு முழுக்க நடந்தோம். இருபது எட்டுக்குள் சுட ஆரம்பித்தது. ஐம்பதில் நான் ஓரத்து நிழலைத் தேடினேன். அந்த வேளையில் நிழல் சுவரைவிட்டு இறங்குவதில்லை. டாக்டரம்மா ஓடவில்லை. நடந்தார். மேலத்தெரு வாசல்களில் ஆட்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

கீழத்தெருவில் பேச்சியம்மாள் வீட்டு வாசலில் அவர் அண்ணன் காளி உட்கார்ந்திருந்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. டாக்டரம்மா கேட்டார். சர்க்கரைப் புண், இரண்டு வருஷத்துக்கு முன்னால் மதுரையில் எடுத்தார்கள் என்று காளி சொன்னார்.

அப்போதும் எங்கள் வண்டி வந்துகொண்டுதான் இருந்தது. வண்டிக்கு ஏன் வரவில்லை என்று டாக்டரம்மா கேட்டார்.

காளி சிரித்தார். "புண்ணுக் காலை வச்சுக்கிட்டு அந்தத் தெருவுல வெறுங்காலா எப்படிம்மா வர? வந்தா புண்ணு பெருசாகும். வராட்டியும் பெருசாகும். வராமலே இருந்துட்டேன்."

டாக்டரம்மா திரும்பி வந்து வண்டிப் படியில் உட்கார்ந்தார். பாதம் சிவந்திருந்தது. ஜெயமேரி தண்ணீர் ஊற்றினார். பிறகு ஜெயமேரி பேச்சியம்மாளின் காலையும் கழுவிக் கட்டினார். கட்டி முடித்து, தப்பா நினைச்சுட்டேன்க்கா என்று மெதுவாகச் சொன்னார். மற்ற நாளில் அந்த வாயிலிருந்து அது வராது.

கடிதத்தை டாக்டரம்மா கிழிக்கவில்லை. மடித்துப் பையில் வைத்தார். மூன்று தடவை பார்ப்போம், அதற்குள் புண் சின்னதாகாவிட்டால் விரலை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார். பேச்சியம்மாளை அன்றைக்கு வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போய்த் தெரு முனையில் இறக்கினோம்.

ஊரைத் தாண்டியதும் டாக்டரம்மா கேட்டார். "இந்த வண்டிய எங்க நிறுத்தலாம்?"

இருபத்தாறு வருஷம் ஓட்டியிருக்கிறேன். எங்கே நிறுத்து என்று சொன்னவர்கள் உண்டு. எங்கே நிறுத்தலாம் என்று கேட்டவர் அவர் ஒருவர்தான்.

கீழத்தெருவுக்குள் வண்டி போகாது. வயர் தாழ்வு, சாக்கடை மேல் போட்ட கல் தாங்காது. போனாலும் மேலத்தெரு ஆட்கள் அங்கே வரமாட்டார்கள். அவர்களிலும் நோயாளிகள் உண்டு. இரண்டு பேரும் வருகிற இடம் வேண்டும். களத்தில் நிறுத்தலாம் என்றேன். விசாலமான இடம். வண்டி ஒரே சுற்றில் திரும்பும்.

அடுத்த தடவை களத்தில் நிறுத்தினேன். பேச்சியம்மாள் வந்தார். கையில் மஞ்சப்பை.

அன்றைக்குக் களத்தில் நெல் குவித்திருந்தார்கள். நெல் கிடக்கிற களத்தில் எவனும் செருப்போடு ஏறமாட்டான். நான் பிறந்து வளர்ந்தது ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய மடவார் வளாகம். களத்துப் பழக்கம் எனக்குத் தெரியாததா? தெரியும். மறந்தேன். ஏன் மறந்தேன் என்று அன்றைக்கு யோசித்தேன். நான் காலைப் பார்க்கவில்லை. வண்டி திரும்புமா என்று மட்டும் பார்த்தேன். மந்தையிலும் அதற்காகத்தான் நான்கு வருஷம் நிறுத்தினேன். அங்கேயும் ஒரே சுற்றில் திரும்பும்.

மருந்து சார் என்னிடம், நல்ல இடம் பார்த்தீர் ஓய் என்றார். புண் பதினெட்டில் நின்றது. மூன்றில் ஒன்று போயிற்று.

அன்று மாலை பைக்கை எடுத்துக்கொண்டு தனியாக அந்த ஊருக்குப் போனேன். எங்கெங்கே ஆட்கள் செருப்போடு நடக்கிறார்கள் என்று பார்த்தேன். வேறு எதையும் பார்க்கவில்லை. கண்மாய்க் கரைக்குக் கீழே ரேஷன் கடை. மேலத்தெருவுக்கு ஒரு பாதை, கீழத்தெருவுக்கு ஒரு பாதை. இரண்டு பாதையிலும் செருப்போடு வந்தார்கள். ஒரே வரிசையில் நின்றார்கள். அங்கே முன்னால் பின்னால் என்றுதான் சண்டை. மேலே கீழே என்று இல்லை.

இடம் மோசம். நிழல் கிடையாது. பக்கத்தில் ஓடை. வண்டி திரும்பாது. மெயின் ரோட்டிலிருந்து முழுத் தூரமும் ரிவர்ஸில்தான் போக வேண்டும். அந்த இடம்தான் என்று முடிவு செய்தேன்.

மிலிட்டரிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று அவர் வீட்டுக்குப் போனேன். நாற்காலி போட்டார். சொன்னேன்.

"இத்தனை வருசம் கரண்ட் குடுத்தேன். பெஞ்சு குடுத்தேன். இப்ப எங்க மந்தை ஆகாமப் போச்சோ?"

"மந்தை நல்ல மந்தை அண்ணாச்சி. கால்ல புண்ணு உள்ளவங்களுக்குத்தான் அது ஆகலை."

"அப்ப நீங்க அங்கயே நிறுத்திக்கோங்க. நாங்க வரலை. எம்புட்டுப் பேரு வாராகன்னு பார்ப்போம்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. இதை எழுதியே ஆக வேண்டும். அன்றைக்கும் மோர் கொடுத்துத்தான் அனுப்பினார்.

ரேஷன் கடையில் முதல் தடவை வந்தவர்கள் இருபத்தொரு பேர். மேலத்தெருவிலிருந்து ஒருவரும் இல்லை. ஆபீஸில் ஒரு கணக்கு உண்டு. ஒரு ஊரில் முப்பது பேருக்குக் குறைந்தால் அந்த ஊருக்கு வண்டி எதற்கு என்பார்கள். ஓலை வந்தது. இன்னொரு தடவை குறைந்தால் நிறுத்தம் வேறு ஊருக்கு மாற்றப்படும்.

புண் பதினாறு ஆகியிருந்தது. முதல் முறையாகக் குறைந்தது. வண்டி நின்றுபோனால் கட்டு மாற்ற ஆள் இல்லை. பேச்சியம்மாள் கூலியை விட்டுவிட்டு இரண்டு பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் வர வேண்டும். தவறாமல் வருவாரா? வரமாட்டார். அந்த விரல் போகும். எனக்கு அது தெளிவாகத் தெரிந்தது.

மருந்து சார், மந்தைக்கே போய்விடலாம், பேச்சியை மட்டும் வண்டியில் ஏற்றி வந்து இறக்கலாம் என்றார். அதிலும் நியாயம் இருந்தது. டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்றேன். ஒரு பேச்சியை ஏற்றலாம். வீட்டுக்குள் இருக்கிற பேச்சி எத்தனை என்று நமக்குத் தெரியாது. காளி வீட்டுக்குள்தான் இருந்தார்.

ரேஷன் கடைக்காரரைப் போய்ப் பார்த்தேன். பருப்பும் பாமாயிலும் என்றைக்குப் போடுவீர்கள் என்று கேட்டேன். சரக்கு வந்த மறுநாள் என்றார். எங்கள் செவ்வாய்க்கிழமை அன்றைக்குப் போட முடியுமா என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. எங்க அம்மாவுக்கும் சுகர்தான், அன்னைக்கே போடுதேன் என்றார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் ரிவர்ஸ் எடுத்தேன். மருந்து சார் பின்னால் நின்று இரண்டு பாஷையிலும் கத்தினார். ஒரு பக்கம் ஓடை, ஒரு பக்கம் கரை. போய் நின்றேன். தார்ப்பாய் கட்டினேன். ரேஷன் வரிசை வண்டியை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். அப்படி நிறுத்தினேன்.

ஒன்பது மணிக்குக் கீழத்தெரு வந்தது. பேச்சியம்மாள் செருப்போடு வந்தார். கையில் பை இல்லை. தங்கச்சி தோளைப் பிடித்துக்கொண்டு, கம்பை ஊன்றிக் காளியும் வந்தார். அவருடைய மிச்சக் காலில் ஆணி விழுந்திருந்தது. ஜெயமேரி அதை அன்றைக்கே பார்த்தார். இன்னும் சிலர் வந்தார்கள். நாங்கள் முன்பின் பார்த்திராத ஆட்கள். பழைய துணியைச் சுற்றிய கால்கள். நாங்கள் வந்துபோன நான்கு வருஷமும் அந்தத் தெருவில்தான் இருந்திருக்கிறார்கள்.

ஒன்பதரைக்கு மேலத்தெரு வந்தது. பருப்புக்குத்தான் வந்தார்கள். வரிசையில் நின்றார்கள். வெயில் ஏறியது. தார்ப்பாய் நிழல் எங்களிடம்தான் இருந்தது. முதலில் ஒரு வயதான அம்மா வரிசையில் இடம் சொல்லி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததுதான் உட்கார்ந்தோம், பிரஷரையும் பாரு தாயி என்றார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர். பிறகு வரிசை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று கடைக்கு, ஒன்று வண்டிக்கு.

கடைசியாக மிலிட்டரிக்காரர். கேன்வாஸ் ஷூ. கையில் கார்டு. என் பக்கம் வந்து நின்றார்.

"என்ன டிரைவரு, பருப்பைக் காட்டி ஆள் புடிக்கீரா?"

"ஆமா அண்ணாச்சி. நீங்களும் வந்துட்டீக."

அவர் சிரிக்கவில்லை. திரும்பியும் போகவில்லை. பெஞ்சில் பேச்சியம்மாளுக்குப் பக்கத்தில்தான் இடம் இருந்தது. நின்றார். வெயில் அவர் தலையில் அடித்தது. பிறகு உட்கார்ந்தார்.

சர்க்கரை பார்த்தார்கள். ஜெயமேரி மீட்டரை இரண்டாவது முறை பார்த்தார். ஷூவைக் கழற்றுங்க சார் என்றார். கழற்றினார். குதிகாலில் வெடிப்பு. வெடிப்புக்குள் சீழ். அவருக்கே தெரியாது. வலிக்கவில்லை என்றார். வலிக்காதுண்ணே என்று பக்கத்திலிருந்து பேச்சியம்மாள் சொன்னார். எனக்கும் வலிக்கலை, அதுதான் வெனை என்றார்.

மிலிட்டரிக்காரர் பேச்சியம்மாளின் காலைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார்.

அன்றைக்கு வந்தவர்கள் அறுபத்தேழு பேர். மருந்து சார் தெலுங்கில் ஏதோ சொன்னார். கோபம் இல்லை. பேச்சியம்மாளின் புண் பதினொன்று. டாக்டரம்மா பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தார். இப்போது கிழித்தார்.

அதற்கு அடுத்த தடவை நாங்கள் போனபோது ரேஷன் கடைச் சுவரில் புதிதாக ஒரு பிளக் பாயின்ட் இருந்தது. யார் போட்டது என்று கடைக்காரரிடம் கேட்டேன். மிலிட்டரிக்கார அவியதான் என்றார். பெஞ்சும் வந்திருந்தது. ஆபீஸிலிருந்து அதற்குப் பிறகு ஓலை வரவில்லை. மந்தைத் தெருவில் வழக்கம் மாறியதா என்று கேட்காதீர்கள். மாறவில்லை. அதை மாற்ற நான் வரவில்லை. மாற்றுகிறவர்கள் வருவார்கள். அதுவரை கால் இருக்க வேண்டும். நான் வண்டியை மாற்றி நிறுத்தினேன்.

பேச்சியம்மாளின் புண் புரட்டாசியில் மூடியது. விரல் இருக்கிறது. தோப்பு வேலைக்குப் போகிறார்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், புதிதாக வந்த டிரைவர் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார், அண்ணே நமக்கு இதில் என்ன வேலை, ஓட்டுவதுதானே என்று. டாக்டர் வண்டிக்குள் இருக்கிறார். உள்ளே வந்தவர்களைத்தான் அவர் பார்க்க முடியும். நாம் வெளியே நிற்கிறோம். எப்படி வருகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். பாதி வழியில் திரும்பிப் போகிறவர்களும் நம் கண்ணில்தான் படுவார்கள். அதைச் சொல்லுங்கள். முதல் தடவையே சொல்லுங்கள். நான் ஐந்தாவது தடவை சொன்னேன். வண்டி சுலபமாகத் திரும்புகிற இடம் கிடைத்தால், இது யாருக்குச் சுலபம் என்று ஒருமுறை யோசியுங்கள். ரிவர்ஸ் எடுக்கப் பழகுங்கள். கழுத்து வலிக்கும். வேறு ஒன்றும் ஆகாது.

நான் ஓய்வு பெறுகிற வாரம் கடைசியாக அந்த ஊருக்குப் போனோம். ரேஷன் கடைக்கு வண்டி மாறி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ஜெயமேரி கால் புண்ணுக்கென்று தனியாக வைத்திருந்த நோட்டை என்னிடம் கொடுத்தார். நீங்களே வாசிங்கண்ணே என்றார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசித்தேன். அந்த ஊரில் பாதத்தில் கோளாறு என்று எழுதியிருந்தவர்கள் பதினொரு பேர். கீழத்தெரு ஒன்பது, மேலத்தெரு இரண்டு. மிலிட்டரிக்காரர் அதில் ஒருவர். ஒவ்வொரு பேருக்கு நேராகவும் கடைசிக் கட்டத்தில் "ஆறியது" என்று இருந்தது. ஒருவருக்கும் விரல் எடுக்கவில்லை, கால் எடுக்கவில்லை.

எங்கள் கைக்கு வந்த கால்களைக் கூட்டிப் பார்த்தேன். பத்துப் பேருக்கு இரண்டிரண்டு. காளிக்கு ஒன்று.

இருபத்தொன்று.